பொம்மை ஊரில் குடிவைத்தவன்

பதினேழாம் வீட்டுச் சன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அவன் இன்னும் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை.

பொழுது சாய்ந்து வெளியெல்லாம் சாம்பல் நிறம் படிந்துகொண்டிருந்த நேரம். பதுங்குகுழியின் பார்வைப் பிளவு வழியாக எட்டிப் பார்த்தான். திரும்பி, சுவரிலிருந்த நாற்பது சுவிட்சுகளும் அணைந்தே இருப்பதைப் பார்த்தான். மறுபடி எட்டிப் பார்த்தான். சன்னல் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கோடு. ஒயரில் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டே பதினேழின் ஃபியூசை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கோடு அப்படியே இருந்தது. ஜெனரேட்டரே இன்னும் ஓடவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நிழல் கோட்டின் குறுக்கே மெல்ல நகர்ந்தது. வெளிச்சம் அணைந்தது.

அந்த ஊரில் மனிதர் யாரும் கிடையாது. அது ஊரே கிடையாது. நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பொட்டல் வெளியில், ஒட்டுப்பலகையில் முகப்பும் தகரத்தில் கூரையுமாக நிறுத்திய நாற்பது பெட்டிகள்; பெட்டிக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு பல்பு. ராத்திரியில் வரும் குண்டு விமானங்களை ஏமாற்றக் கட்டியது. இருட்டடிப்பில் நகரம் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். பொம்மை ஊர் மட்டும் அரைக்கண் திறந்து வைத்திருக்கும். முதலில் நாலைந்து விமானங்கள் வந்து தீ வைக்கும். பின்னால் வரும் நூறும் ஊரைத் தேடுவதில்லை, அந்தத் தீயைத்தான் தேடும். முன்னால் வரும் நாலைந்தை ஏமாற்றிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து பொட்டலில் விழும்.

போருக்கு முன் அவன் நாடக மேடைகளுக்கு விளக்குப் போட்டவன். இந்த வேலைக்கு அவனைப் பிடித்துப் போட்டதும் அதனால்தான். சும்மா நாற்பது பல்புகளை எரியவிட்டால் மேலே விமானத்தில் இருப்பவன் நம்பிவிடுவானா? அவனும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தானே. வீடு என்றால் அங்கே ஒரு மறதி தெரியவேண்டும், ஒரு அலட்சியம் தெரியவேண்டும். அதற்காக அவன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பத்தை மனதுக்குள் குடிவைத்தான். மூன்றில் ஒரு சிடுமூஞ்சி வாத்தியார். படிக்கிற புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது, சன்னலையும் ஒழுங்காகச் சாத்தமாட்டார். இருபத்தொன்றில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. பதினேழில் ஒரு கைக்குழந்தைக்காரி. குழந்தை சிணுங்கும்போதெல்லாம் விளக்கைப் போடுவாள், பலகையை மூடத்தான் மறந்துவிடுவாள்.

இதுவரை மூன்று தடவை குண்டு விழுந்தது. மூன்று தடவையும் அதிகாரி வந்து அவன் கையைக் குலுக்கினார். "இதெல்லாம் ஊருக்குள்ள விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க" என்று பள்ளங்களைப் பார்த்துப் பூரித்துப் போனார். ஒரு வாரத்தில் தச்சர்கள் வந்து புது முகப்புகளை நிறுத்துவார்கள். அவனும் அதே ஆட்களை அதே வீடுகளில் திரும்பவும் குடிவைப்பான். புதிதாக நாற்பது குடும்பங்களை யோசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்தக் கைக்குழந்தையை மூன்றாம் முறை கொண்டுவந்து வைத்தபோது மட்டும் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. அதற்குமேல் அவன் அதை யோசிக்கவில்லை.

இப்போது அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபியூசைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சின்காரர் பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பதினேழுல யாரோ இருக்காங்க."

"நீங்க குடிவெச்ச ஆளுங்கதான தம்பி? நல்லா இருக்காங்களா?"

"வெளையாடாதீங்கண்ணே. வெளிச்சம் தெரிஞ்சுது. ஆள் நடமாட்டம் தெரிஞ்சுது."

எஞ்சின்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வீடு வாசல் இல்லாத யாராச்சும் வந்து ஒதுங்கியிருப்பாங்க. போய் ரெண்டு சத்தம் போட்டு வெரட்டி விடுங்க. அபாயச் சங்கு ஊதுறதுக்குள்ள வந்துடுங்க."

அப்படித்தான் இருக்கும் என்று அவன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். டார்ச்சுடன் வெளியே வந்தான். காற்றே இல்லை. ஆனாலும் தகரக் கூரைகள் ஒன்று விட்டு ஒன்று மெல்லத் திருகிக்கொள்வதுபோல் முனகின. புதுப் பலகையின் பசை வாடைக்கும் எண்ணெய் வாடைக்கும் அடியில் வேறொரு வாடை. அவன் வீட்டில் மகள் பிறந்த புதிதில் எல்லாத் துணியிலும் ஏறியிருந்த அதே புளித்த பால் வாடை. பதினேழின் பின்பக்கம் திறப்பாகவே இருக்கும். சுற்றிப்போய் டார்ச்சை அடித்தான். கம்பம். ஒயர். பல்பு. வேறொன்றும் இல்லை.

தரை மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஒயரின்மேல் சதுரமாக ஒரு சின்ன வெள்ளைத் துணி காயப்போட்டிருந்தது; அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பல்பைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

"யாரும்மா உள்ள?" என்றான். ஒற்றைப் பலகைக்கு உள்ளே எது என்றும் வெளியே எது என்றும் அவனுக்கே தெரியவில்லை. "இங்க இருக்கக் கூடாதும்மா. குண்டு விழற எடம் இது. தயவுசெஞ்சு போயிடுங்க."

பக்கத்துப் பெட்டியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதற்கு அடுத்ததில் ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்பட்டது. அடுத்ததில் அடக்கிய சிரிப்பு. அவன் ஓடி ஓடிப் பின்பக்கமாக டார்ச்சை அடித்தான். கம்பம், ஒயர், பல்பு. கம்பம், ஒயர், பல்பு. அவன் வந்து பார்க்கும் வீட்டில் மட்டும் அமைதி, மற்ற எல்லா வீட்டிலும் குடித்தனம்.

சங்கு ஊதியது.

பதுங்குகுழிக்கு எப்படி ஓடி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. எஞ்சின்காரர் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டிருந்தார், சுவரெல்லாம் அதிர்ந்தது. டெலிபோன் அடித்தது. எக்ஸ்சேஞ்சில் ராத்திரி வேலை அவன் மனைவிக்கு. தலைமையகத்தின் உத்தரவை அவள்தான் அவனுக்குச் சொல்லவேண்டும். வீட்டில் தனியாக விட முடியாதென்று நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கீழ்க்கூடத்தில் தூங்கவைத்திருப்பாள்.

"என்னங்க, முதல் அஞ்சு விமானம் கரையைத் தாண்டிடுச்சாம். விளக்கப் போடச் சொல்றாங்க."

"இங்க ஆள் இருக்காங்க."

"எங்க?"

"வீடுகள்ல. எல்லா வீட்டுலயும்."

அவள் குரல் தாழ்ந்து வந்தது. "அது பலகைங்க. நீங்கதான சொல்வீங்க, வெறும் பலகைன்னு. பாப்பா கீழ தூங்குறா. இங்க நேரா எங்க தலை மேலதான் வந்துட்டிருக்கு. போடுங்க."

அவன் பதினேழின் ஃபியூசைத் திரும்பச் செருகி, நாற்பது சுவிட்சையும் தட்டிவிட்டு, கையை மெயின் சுவிட்சில் வைத்தான். பிளவு வழியாகப் பார்த்தான். பதினேழின் சன்னல் பலகை திறந்திருந்தது. முழுசாகத் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். நின்றாள். அவன் இருக்கும் பக்கம் திரும்பினாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். முகத்தை யோசித்து வைக்க அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"என்னங்க!"

வானத்தில் உறுமல் கேட்டது. தூரத்தில். பிறகு தூரத்தில் இல்லை.

மகளை நினைத்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். ஒரு கால் எப்போதும் போர்வைக்கு வெளியே.

சுவிட்சை மேலே தள்ளினான்.

நாற்பது வீடும் எரிந்தன. முதலில் விளக்காக, பிறகு தீயாக. தரை எகிறியது. கூரையிலிருந்து மண் கொட்டியது. காதுக்குள் ஒரே ஊளை. எஞ்சின்காரர் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தார். நூறு விமானங்கள். எல்லாம் இங்கேயே. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல்.

பிறகு அமைதி.

ஒட்டுப்பலகை எவ்வளவு நேரம்தான் எரியும்? அரைமணியில் கங்காகிவிட்டது. அவன் பிளவருகே போனான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தான்.

அவர்கள் தெருவில் நின்றார்கள். குடும்பம் குடும்பமாக, அவரவர் வீட்டு முன்னால். ஒருவரும் அலறவில்லை. ஒருவரும் ஓடவில்லை. உடம்பெல்லாம் ஓரம் கருகிய பலகை மாதிரி புகைந்துகொண்டிருந்தது. பிறகு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரி முதலில் நடந்தாள். நகரத்துக்குப் போகும் சாலையில்.

"அண்ணே. அண்ணே, அங்க பாருங்க."

எஞ்சின்காரர் தள்ளாடி வந்து எட்டிப் பார்த்தார். "கங்குதான் தெரியுது தம்பி. வேற என்ன?"

வரிசையின் வால் இன்னும் எரிந்த தெருவைவிட்டு வெளியேறவில்லை. அதற்குள் டெலிபோன் அடித்தது.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "ஊருக்குள்ள ஒரு ஓடுகூட ஒடையலங்க. உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா ஒண்ணுதான் புரியல. கீழ வாசல்ல கூட்டம். வீடு போச்சுன்னு நிக்கிறாங்க. எங்கயுமே விழலையே, இவங்க வீடு எப்படிப் போகும்?"

அவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"உங்களத் தெரியும்கிறாங்க. நீங்கதான் வீடு குடுத்தீங்களாம்."

"கதவத் திறக்காத."

"என்னங்க?"

"திறக்காத! திறக்கச் சொல்லாத!"

"காவல்காரர் அப்பவே திறந்துட்டாரே. பாவம்ங்க, கைக்குழந்தை வேற. கீழ்க்கூடத்துல பாப்பா பக்கத்துலதான் எடம் இருந்துச்சு, படுக்கச் சொல்லியிருக்கேன்." அவள் பேச்சு நின்றது. ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கத்தினாள். "அம்மா, யாரது, பலகையத் திறக்காதீங்க! விளக்கப் போடாதீங்கம்மா! இருட்டடிப்பு... ஐயோ, பாப்பா..."

ரிசீவர் எதன்மேலோ மோதியது. காலடிச் சத்தம். நிறையக் காலடிச் சத்தம். மாடிப்படியில், அறை அறையாக. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.

அவன் பிளவு வழியாகப் பார்த்தான். இரண்டு வருஷமாக இருட்டைத் தவிர எதையும் காட்டாத நகரத்தின் திசையில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. தெரு தெருவாக. ஒரே சீராக இல்லை. மறதியில் திறந்தது போலவும், அலட்சியமாக விட்டது போலவும், யாரும் நம்பும்படி.

மறுபடி சங்கு. மறுபடி உறுமல். இரண்டாவது கூட்டம்.

அவன் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து மேலே தள்ளினான். மறுபடி தள்ளினான். நாற்பது சுவிட்சையும் இரண்டு கையாலும் அடித்து அடித்துத் தள்ளினான். ஜெனரேட்டர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எரிய ஒரு பல்பும் மிச்சமில்லை.

முன்னால் வந்த ஐந்து விமானங்கள் பொட்டல் வெளியைத் தாண்டின. வேகத்தைக் குறைக்கவில்லை. நகரத்தில் இன்னொரு சன்னல் திறந்தது.