எடை குறைந்தவை

ஐந்தரைக்கு எழுந்தான். பாலைக் காய்ச்சினான். சுவரிலிருந்த பேச்சேட்டின் பொத்தானை அழுத்தினான்.

"உன்கூட இருந்ததுல எனக்கு ஒரு குறையும் இல்ல."

மனைவி தமயந்தியின் குரல். அவள் இறந்து ஏழு மாதம். இளம்பரிதி காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

எல்லா வீடுகளிலும் பேச்சேடு வந்துவிட்டது. வீட்டில் பேசப்படும் ஒவ்வொரு வாக்கியத்தையும் யார், யாரிடம், எப்போது, எதைப் பற்றி என்று கட்டம் பிரித்துச் சேமித்தது. முன்பு அதில் எதையாவது தேட ஏழு கட்டங்களை நிரப்ப வேண்டும். பாதிப் பேர் மூன்றாவது கட்டத்திலேயே கைவிட்டார்கள். இளம்பரிதி எளிய தேடுமுகப்பு ஒன்றை வடிவமைத்தான். வாக்கியங்களுக்கு எடை போட்டான். சாப்பாடு, சாவி, துணி பற்றிய பேச்செல்லாம் எடை குறைந்தவை, தேடினால் வராது. 'கடைசிச் சொல்' என்ற பொத்தான், இறந்தவர் கடைசி மாதத்தில் பேசியதில் எடை கூடியதை மட்டும் எடுத்துத் தரும். அதற்கு நன்றிக் கடிதங்கள் குவிந்தன.

அன்று ஒரு புகார் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து சங்கரவடிவு என்ற அம்மாள், இறந்த அப்பாவின் 'கடைசிச் சொல்'லைக் கேட்டுவிட்டு அழைத்திருந்தார்.

"எங்கய்யா இப்படிப் பதமாப் பேசுற ஆளே இல்ல தம்பி. வேற யாரையோ மாத்திப் போட்டுட்டீங்க."

மாறவில்லை என்று விளக்கினான். அவர் கேட்கவில்லை. எடைச் சல்லடையை நீக்கி, நேர வரிசையில் கடைசி வாக்கியத்தை ஒலிக்கவிட்டான்.

"ஏட்டி, அந்த ஃபேன நிறுத்துன்னு எத்தன தடவ சொல்ல."

மறுமுனையில் சிரிப்பு. இதுதான் எங்கய்யா என்று சொல்லி வைத்துவிட்டார்.

இளம்பரிதி தன் வீட்டு ஏட்டைத் திறந்தான். சல்லடையை நீக்கினான்.

அவளுடைய கடைசி நாள். காலை 8.10, அவன் குரல், கிளம்பும் அவசரத்தில்: "குடை வாஷிங் மெஷின் மேல இருக்கு." அவள் குளியலறையில் இருந்திருக்கிறாள். பதில் இல்லை.

11.32, அவள் தேடுமுகப்பிடம் கேட்கிறாள்: "குடைய எங்க வச்சான்னு ஏதாவது சொன்னானா?"

முகப்பின் பதில்: முடிவுகள் இல்லை.

அவன் சொன்னது ஏட்டில்தான் இருந்தது. எடை குறைவு.

11.40க்கு அவள் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். பிறகு கண் திறக்கவில்லை.

இடையில் ஒரே ஒரு பதிவு. 11.33. இளம்பரிதி அதை அழுத்தினான்.

"சரி விடு. அவன் வந்ததும் கேட்டுக்கறேன்."