வைத்தது யார்?

மாலை 5.20. தொலைபேசி மேசையின் காலடியில் உயிரில்லாமல் சுருண்டு கிடந்தார் அந்த அம்மாள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஆஸ்துமாக்காரர். எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும் இன்ஹேலரை மட்டும் காணவில்லை.

மேசைமேல் ரிசீவர் சமர்த்தாகப் போனில் உட்கார்ந்திருந்தது, ஆனால் திசைமாறி. காதில் வைக்கும் முனை இருக்கவேண்டிய பக்கத்தில் பேசும் முனை. சுருள் ஒயர் குறுக்கே முறுக்கிக்கொண்டு கிடந்தது. இன்ஸ்பெக்டரம்மா அதையே பார்த்தார்.

வீட்டுச் சாவி இருவரிடம்தான். பகல்நேர நர்ஸ் தினமும் இந்த போனில்தான் கிளினிக்கைக் கூப்பிடுவாள். நான்கு மணிக்குக் கிளம்பும்போது இன்ஹேலர் இருந்தது என்றாள். கைபேசியை விட்டால் வேறு போனைத் தொட்டறியாத மகனோ, ஐந்துக்குத்தான் வீட்டுக்கு வந்ததாகச் சாதித்தான். மறுநாள் அம்மா வீட்டை மகள் பேருக்கு எழுதுவதாக இருந்தாராமே என்று கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போனது.

இன்ஸ்பெக்டரம்மா வெளியூரிலிருந்த மகளைக் கைபேசியில் பிடித்தார். 4.20க்கு அம்மாதான் கூப்பிட்டாராம்.

"இங்க பாரும்மான்னாங்க. பெரிய பெரிய மூச்சு. உடனே வெச்சுட்டாங்க. நேத்து சண்டை போட்டோம், கோவம்னு நெனச்சு நானும் திரும்பக் கூப்பிடல."

"இதுக்கு முன்னாடி அவங்க முதல்ல வெச்சிருக்காங்களா?"

"இல்லையே. நான் வெச்சாத்தான் வெப்பாங்க."

இன்ஸ்பெக்டரம்மா மகன் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்தில் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தால் எக்ஸ்சேஞ்ச் பலகையில் விளக்கு எரியும். பேசுகிறவர்கள் வைத்துவிட்டதை அந்த விளக்கில் பார்த்த பிறகே ஆபரேட்டர் இணைப்பைப் பிடுங்குவார். 'போனை வைக்கிறேன்' என்ற பேச்சே அப்படி ரிசீவரை வைத்ததில் வந்ததுதான். இன்று கைபேசியில் வைக்க ஒன்றுமில்லை, வாய்தான் அந்தச் சொல்லை விடவில்லை. முப்பது வருடம் விளக்குக்குக் காத்திருந்தவர் பாதிப் பேச்சில் வைக்கமாட்டார். மூச்சுக்குத் தவித்தவர் கையிலிருந்து ரிசீவர் விழுந்து தொங்கியிருக்கும், போனில் ஏறி உட்கார்ந்திருக்காது. நர்ஸ் வைத்திருந்தால் நேராக வைத்திருப்பாள்.

"வெச்சது நீங்க. வெச்சுப் பழக்கமில்லாத கை."

அவன் வண்டிப் பெட்டியில் இன்ஹேலர் கிடைத்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தன் கையிலிருந்த போன் நினைவுக்கு வந்தது. மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நான் அப்பவே திரும்பக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டை அனுப்பியிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்களா மேடம்?"

அந்த போனுக்குப் பிறகும் கால் மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று உடலைப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டரம்மா அதைச் சொல்லாமல், அவளே வைக்கட்டும் என்று காத்திருந்தார். அவள் வைக்கவேயில்லை.