மூழ்கிய மூன்று நாட்கள்

போன் அலறியது.

காலை ஒன்பது பத்து. திட்டத்துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடி. மதிப்பீட்டு அதிகாரி காபி டம்ளரைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். சதுப்பு நிலத்துல தண்ணி அளக்கிறவர்... தவளைன்னு கூப்பிடுவாங்களாமே... உங்க ஆளா?"

"ஆமா சார். என்னாச்சு?"

"பின்மண்டையில அடி. தண்ணியில கிடந்தார். போயிட்டார்மா!"

காபி மேஜையெல்லாம் ஓடியது.

"அவர்கிட்ட ஒரு நோட்டு இருந்திருக்குமே?"

"வெறும் கைதான்!"

தவளை ஐந்து வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்குகிறவர். அங்கே நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்துத் தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுதுகிறவர். சொந்தக் கல்யாணத்தன்றுகூட லீவு போடாத மனுஷன்!

இன்று பதினோரு மணிக்கு அமைச்சரவை கூடுகிறது. சதுப்பை மூடி லாரி முனையம் கட்டலாமா, கூடாதா? முனையத்தின் லாபம் எல்லோருக்கும் தெரியும். சதுப்பு செய்கிற வேலைக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. அதனால் அரசாங்கத்துக்கு அது வெறும் சேறு!

அந்தச் சேறு வெள்ளத்தைக் குடித்துக்கொள்வதால்தான் எட்டாயிரம் வீடுகள் தப்பிக்கின்றன. அதன் மதிப்பு முனையத்தைவிட அதிகம் என்று அவள் அறிக்கை எழுதியிருந்தாள். அதற்கு ஒரே ஆதாரம் தவளையின் நோட்டு.

கதவு திறந்தது. இயக்குநர். அவர் பின்னால் அவள் கணவன். அதே மாடியில் புள்ளிவிவர அதிகாரி.

"தவளை விஷயம் கேள்விப்பட்டேன்மா," என்றார் இயக்குநர். "நல்ல வேளை, சாகறதுக்கு முன்னாடியே அவனே நோட்டுல இருந்ததை டைப் அடிச்சு, கையெழுத்து போட்டு என் மேஜையில வெச்சிருக்கான். ஆனா... உன் அறிக்கையோட ஒத்துவரலையே! இதைப் பார்த்தா சதுப்பு பெருசா வெள்ளத்தையே உள்வாங்கலை. நான் இதைத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"அழாதம்மா," கணவன் அவள் தோளைத் தொட்டான். "உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. நான் இருக்கேன்ல?"

அவள் காகிதத்தைப் புரட்டினாள். போன வருட வெள்ளம்.

முதல் நாள் 1.20 மீட்டர். ஐந்தாம் நாள் 1.40. நடுவில் மூன்று நாளும்...

1.30! 1.30! 1.30!

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள்.

அந்த மூன்று நாளும் இரண்டு மீட்டர் கோலே தண்ணீருக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட நாளில் தவளை எண் எழுத மாட்டார். 'கோல் மூழ்கியது' என்று எழுதிவிட்டுக் கரையேறிவிடுவார். இரண்டு மீட்டருக்கும் மேல் வெள்ளத்தைச் சதுப்பு குடித்த அந்த மூன்று நாள்தான் அவள் அறிக்கைக்கு உயிரே!

காலிக் கட்டத்தைக் கண்டால் கை அரித்து, முன்னாலிருப்பதையும் பின்னாலிருப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து நிரப்பிவிடும் ஆள் இந்த மாடியில் ஒருவன்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, தூங்கிப்போய்ப் பார்க்காமல் விட்ட வேளைக்கும் சார்ட்டில் இப்படித்தான் சராசரி போட்டான். அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இயக்குநர் போனதும் கணவனின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"ஏங்க... கோல் மூழ்கிட்டா தவளை என்ன எழுதுவார்?"

"மட்டத்தைத்தான்."

"மட்டம்தான் தெரியாதே?"

"அப்போ சராசரி..." நாக்கைக் கடித்துக்கொண்டான். லேட்!

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"வெறும் சேறுடி அது! முனையம் வந்தா அடுத்த இயக்குநர் நான்தான்னு சொல்லியிருக்காங்க. எல்லாம் நமக்காகத்தானே..."

"நமக்காகவா? எனக்காகவா ஒரு மனுஷனை அடிச்சே?" பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் வாயில் 'நீ' வந்தது.

"நோட்டை மட்டும்தான் கேட்டேன். தரமாட்டேன்னான். படகுல துடுப்பு கிடந்துச்சு..."

"அவர் எத்தனை மணிக்கு இறங்குவார், நோட்டை எங்க வெச்சிருப்பார்னு சாப்பிடும்போது கதை கதையா கேட்டியே! பாவி... நானே சொல்லிக்கொடுத்திருக்கேனே!" அதுதான் அவளை அறுத்தது. "எங்க நோட்டு?"

அவன் கண் மேஜை டிராயருக்குப் போனது. அவள் இழுத்தாள். ஈரம் காயாத நோட்டு!

"எரிக்கலையா?"

"அஞ்சு வருஷ டேட்டா... மனசு வரலை."

"மண்டையை உடைக்க மட்டும் மனசு வந்துச்சா?"

அவன் முகம் மாறியது. "யார்கிட்ட சொல்லுவே? பார்த்த ஒரே ஆளும் செத்துட்டான்!"

"செத்துட்டார்னு சொன்னது நான்தான் சார்..." கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் இன்ஸ்பெக்டர். "டாக்டர் சொல்லலை! அடிச்சவன் தைரியமா நடமாடட்டும்னு ஒரு பொய்!"

"என்னது!"

"சதுப்புல அடர்ந்த கோரைப்புல்லு. அதோட வேர் அவர் முகத்தைத் தண்ணிக்கு மேல தாங்கிப் பிடிச்சிருக்கு. அரை மணிக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்தார். முதல் வார்த்தையே உங்க பேருதான்!"

கணவன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். மணி பத்து இருபது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்கு ஓடினாள். கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவன் கையில் விலங்கு மாட்டியிருந்தது.

"மேடம், உங்க சேறு ஒரு உசுரையே காப்பாத்தியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு என்ன மதிப்பு போடுவீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேத்துக்கெல்லாம் சரியா போட்டுடுவேன் சார்! இந்த ஆளுக்குத்தான் பன்னிரண்டு வருஷமா கன்னாபின்னான்னு கூட்டிப் போட்டு வெச்சிருந்தேன்!"