கடைசிப் பத்தடி

வாரனுக்கு அன்று பதினாறு வயது நிறைந்தது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அவன் பேசியதெல்லாம் பழைய பிலிம் மூவி கேமராக்களைப் பற்றித்தான். உருளைக்கிழங்குத் தட்டைக் கேட்டால், "பிலிம்ல வெளிச்சம் பட்டா அவ்வளவுதான், தெரியுமா?" என்று ஆரம்பிப்பான்.

அவன் வாயை அடைக்க ஒரே வழி, ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் என்று அவனுடைய பத்து வயதுத் தங்கை டெஸ்ஸா முடிவு செய்தாள்.

அவர்கள் ஊரான ரோசெஸ்டரில் சனிக்கிழமை காலை நாலு தெரு நடந்தால் போதும், யாராவது பழைய சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்றுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது தெருவிலேயே கிடைத்துவிட்டது. ரொட்டி வாட்டும் இயந்திரத்துக்கும் ஒற்றைப் பனிச்சறுக்குப் பலகைக்கும் நடுவில், சாவி முடுக்கினால் ஓடும் சின்ன மூவி கேமரா.

"எட்டு டாலர்" என்றார் வீட்டுக்காரர் டிநார்டோ. "இரு, உள்ள சுத்தமா இருக்கான்னு காட்டறேன்." மூடியைத் திருகப் போனார்.

டெஸ்ஸா பக்கவாட்டில் இருந்த சின்ன முள்ளைப் பார்த்தாள். அது பத்தில் நின்றது.

"திறக்காதீங்க! உள்ள பிலிம் இருக்கு. இன்னும் பத்தடி மிச்சம்!"

"அட, நான் முப்பது வருஷம் பிலிம் ஃபேக்டரியில வேலை பாத்தவன், பாப்பா. எத்தனை டப்பா திறந்திருப்பேன்! ஒண்ணுகூடக் கெட்டதில்ல."

"அங்க லைட் எரியுமா?"

அவர் யோசித்தார். "இல்ல. கும்மிருட்டு."

அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். கையை மெல்ல எடுத்துக்கொண்டார். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"ரோசாலி! இங்க வா! நம்ம பொண்ணு ஆஞ்சி முதல்முதலா நடந்தப்ப நான் பிலிமே போடலைன்னு நாப்பது வருஷமா சொல்றியே, வந்து பாரு!"

அவர் மனைவி எலுமிச்சை ஜூஸ் ஜாடியோடு வந்தார். "அதுல ஆஞ்சிதான் இருக்கான்னு யார் கண்டா? நீ பிடிச்ச மீனா இருக்கும்."

"பாத்துடலாம்! பாப்பா, மன்னிச்சுக்கோ. இது விக்கிறதுக்கு இல்ல. அப்படியே கடைக்குக் கொண்டுபோய்க் கழுவித் தரச் சொல்லணும்."

டெஸ்ஸாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நாலு மணிக்குப் பிறந்தநாள் விருந்து. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கேமரா அவள் கையில் இருந்திருக்கும். ஆஞ்சியின் நடைதான் போயிருக்கும்.

"ஒண்ணு செய்யலாமா?" என்றாள். "மிச்சப் பத்தடியை இப்பவே ஓட்டிடலாம். ஐம்பது செகண்ட்தான். பிலிம் முழுசா சுத்திட்டா நிழல்ல திறக்கலாம்னு அண்ணன் சொல்லியிருக்கான். பிலிமை நீங்க எடுத்துக்கோங்க, கேமராவை நான் எடுத்துக்கறேன்."

"யாரை எடுப்ப?"

"உங்க ரெண்டு பேரையும்தான்."

இருவரும் புல்தரையில் போய் நின்றார்கள். கைகள் விறைப்பாக, பற்கள் வெளியே, மூச்சு உள்ளே. கேமரா கிர்ரென்று ஓடியது. பத்து விநாடி. பதினைந்து விநாடி.

"இது போட்டோ இல்ல! அசையுங்க!"

"எப்படி அசையறது?" என்றார் டிநார்டோ, உதடு அசையாமல்.

"ஆஞ்சி நடந்த கதையைச் சொல்லுங்க!"

"அன்னைக்கு நல்ல மழை..."

"மழையா? மண்டை காயற வெயில்!" என்றார் ரோசாலி.

அவ்வளவுதான். கைகள் பறந்தன, ஜூஸ் தெறித்தது. டெஸ்ஸா நடுவில் ஒருமுறை சாவியை முடுக்கி, கடைசி அடிவரை விடாமல் எடுத்தாள். அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. நல்லவேளை.

நாலு மணிக்குப் பெட்டியைப் பிரித்த வாரன் ஒரு முழு நிமிடம் பேசவில்லை. அது குடும்பத்துக்கே கிடைத்த பரிசு. பிறகு ஆரம்பித்தான். "டெஸ், இதோட மூடியை மட்டும் வெளிச்சத்துல..."

"தெரியும். கேக்கை வெட்டு."

மூன்று வாரம் கழித்து, டிநார்டோ வீட்டுச் சுவரில் படம் ஓடியது. அண்ணனும் தங்கையும் போயிருந்தார்கள். மங்கலாக இரண்டு குட்டிக் கால்கள் தள்ளாடித் தள்ளாடிக் கம்பளத்தைக் கடந்தன.

"பாத்தியா! ஆஞ்சி!" என்று துள்ளினார் டிநார்டோ.

"கால் ஆஞ்சியோடதுதான்" என்று ரோசாலி ஒப்புக்கொண்டார். "தலை எங்க?"

தலை கடைசிவரை வரவில்லை.

அடுத்து புல்தரை வந்தது. டெஸ்ஸா எடுத்த பகுதியில் எல்லாருக்கும் தலை இருந்தது.