முதுநிழல் வாக்கு

எட்டு வயது நறுமுகை வெளியே வேப்பமரத்தடியில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது நறுமுகை உள்ளே சுவரில் தெரிந்து, பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னாள்.

அவளுடைய அம்மா மிதுனாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. பள்ளிக் குழுவின் தலைவி அவள். பள்ளியை மூடவிடக் கூடாது என்று மழைக்காலம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவள். யாருடைய பிள்ளையின் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தன் வயிற்றில் பிறந்ததன் நிழல் தன் பக்கம்தான் என்று அவள் சந்தேகமே படவில்லை. நாம் எல்லாருமே அப்படித்தானே இருப்போம்?

கல்லாங்குத்துப்பாளையத்தில் அன்றைக்கு நடந்தது, பள்ளியை வைப்பதா மூடுவதா என்ற விசாரணையின் முதல் கேட்பு. பள்ளிகளை அரசு அந்தந்த வட்டாரத்தின் கையில் விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஊர் சேர்ந்தால் ஒரு பள்ளி வட்டம். அந்த ஊர்க்காரர்கள் கட்டுகிற கல்வித் தீர்வையில்தான் அங்கே பள்ளிகள் நடக்க வேண்டும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் நடந்தது. பிறகு தேர்தலுக்குத் தேர்தல், தீர்வையைக் குறைப்பேன் என்று சொன்னவரே ஜெயித்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகியது. ஆசிரியர்கள் குறைந்தார்கள். ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை என்று வழக்கு மேலே மேலே போனது. அந்தச் சமயத்தில்தான் வளர்கணி வந்து சேர்ந்தது.

வளர்கணி ஒரு பொறி. ஒரு பிள்ளையின் பேச்சு, படிப்பு, உடம்பு, வீட்டு நடப்பு, அதே மாதிரி வீடுகளில் வளர்ந்து ஆளான லட்சம் பேரின் வாழ்க்கை எல்லாவற்றையும் குழைத்து, அந்தப் பிள்ளையை நாற்பது வயது வரைக்கும் வளர்த்துச் சுவரில் நிறுத்திவிடும். அப்படி நிற்பதற்கு முதுநிழல் என்று பெயர். அது ஜோசியம் இல்லை. இன்றைய நிலைமை இப்படியே போனால் இவள் இப்படித்தான் பேசுவாள் என்கிற கணிப்பு. நிலைமை மாறினால் நிழலும் மாறும். பள்ளியால் வாழப்போகிறவர்களும் கெடப்போகிறவர்களும் பிள்ளைகள்தான், ஆகவே பள்ளி இருப்பதா வேண்டாமா என்பதை அவர்களுடைய நிழல்களே முடிவு செய்யட்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பெரியவர்கள் பேசலாம், கெஞ்சலாம். வாக்கு நிழல்களுக்குத்தான்.

பள்ளியில் இருந்தது இருபத்து மூன்று பிள்ளைகள். மூடினால் எல்லாரும் புறவழிச்சாலையைத் தாண்டி ஒன்றியத்துப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். விடிவதற்குள் கிளம்பும் பேருந்துக்குச் சின்னது சிறுசுகளை எழுப்பி அனுப்ப முடியாமல் பாதி வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்பது மிதுனாவுக்குத் தெரியும். பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடியபோது அதுதான் நடந்தது. இத்தனைக்கும் கல்லாங்குத்துப்பாளையம் பள்ளி படிப்பில் வட்டத்திலேயே இரண்டாம் இடம்.

அந்தப் படிப்புதான் வினையாகப் போயிற்று. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பதவிசாக, மூடச் சொல்லிவிட்டுப் போயின.

"ஊர்ல எனக்குத் தறிக்கூடம் இருக்குதுங். அதுக்குத் தீர்வை கட்டிக் கட்டி முடியலீங். என்ற பசங்க கோயமுத்தூர்ல படிக்கறாங்க. இங்க பள்ளிக்கூடம் இருந்தா எனக்கென்ன, இல்லாட்டி எனக்கென்ன?" என்றது ஒரு நிழல்.

அதன் தகப்பன் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "காலையில டவுசரைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்தவன் பேசற பேச்சப் பாருங்! டேய், நாப்பது வயசானா அப்பன் அடிக்கமாட்டான்னு நெனப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை அவர். மிதுனாவின் காதோரம் குனிந்து, "வாய்ப்பாடு வராத புள்ளைங்க எல்லாம் 'இருக்கட்டும்'ங்குது. நல்லாச் சொல்லிக் குடுத்ததெல்லாம் 'மூடு'ங்குது. நான் இனி என்னத்தச் சொல்லிக் குடுக்கறது மிதுனா?" என்றார்.

கடைசியாக வந்ததுதான் நறுமுகையின் நிழல். அவளையும் சேர்த்து மூடச் சொன்னது பன்னிரண்டு, இருக்கட்டும் என்றது பதினொன்று.

"ஒரு வாக்குதாம்மா வித்தியாசம்," என்றார் வட்ட அலுவலர் இளம்பரிதி. "அடுத்த மாசம் முடிவுக் கேட்பு. அதுக்குள்ள நிலைமை மாறினா நிழலும் மாறலாம். தலைவிங்கற முறையில யாராவது ஒரு நிழல்கிட்ட நீங்க விளக்கம் கேக்கலாம்."

மிதுனா சுவரைப் பார்த்தாள். அவளைவிட வயதில் மூத்த மகள் நின்றாள். நெற்றியில் அதே சுழி. காதோரம் நரை.

"ஏன் கண்ணு?"

"பள்ளிக்கூடம் மோசம்னு சொல்லலம்மா. டீச்சர் சொல்லிக் குடுத்ததுதான் இன்னைக்கு என்ற சோறு." நிழல் காதோர நரையை ஒதுக்கிக்கொண்டது. "ஆனா தம்பிக்கு வேன் வந்துச்சு. நான் நடந்தேன். இது இருக்கற வரைக்கும் பொட்டப் புள்ளைங்களப் போட ஒரு எடம் இருக்குதும்மா. என்ற பொண்ணையும் என்ற மாமியார் ஊட்டுல இப்படித்தான் ஒரு எடத்துல போட்டாங்க. பையனுக்கு வேன் வந்துச்சு. மூடிருங்க. அப்பவாச்சும் ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தறாங்களான்னு பாப்போம்."

பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே கதைதான். பெண் இங்கே, பையன் தனியார் பள்ளி வேனில்.

சஞ்சித்திடம் அன்று மாலையே பேசினாள். அவள் கணவன் சூரியத் தறிகளைப் பழுது பார்க்கிறவன். ஒரு பிள்ளைக்குத்தான் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டமுடியும். யாருக்குக் கட்டுவது என்று அவர்கள் இருவரும் ஒரு நாள்கூட உட்கார்ந்து பேசியதில்லை. பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி பணம் மகன் ஆதிரன் பக்கம் போயிருந்தது.

"ஆதிரனை வேன் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திரலாம் மாமா. ரெண்டும் ஒண்ணாவே ரெஜினா டீச்சர்கிட்டப் படிக்கட்டும்."

"ஒரு மிசினு சொன்னதுக்கா? பையன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடறதுக்கு?"

"பொண்ணு வாழ்க்கையில போட்ட மண்ணு உங்க கண்ணுக்கு மண்ணாத் தெரியல."

சஞ்சித் கையில் பிடித்திருந்த திருப்புளியைத் தரையில் வைத்தான். கோபப்படுகிற ஆள் இல்லை அவன். "உன்ற இஷ்டம். ஆனா ஒண்ணு, நாளைக்கு அவன் கேட்டா அப்பந்தான் சொன்னாருன்னு என்ற தலையில கட்டாத," என்றான்.

ஆதிரனுக்கு ஆறு வயது. வேன் வராத முதல் நாள், வாசலிலேயே நின்றான். வேன் ஓட்டும் அண்ணன் ஜன்னலோர இடத்தை அவனுக்கென்று வைத்திருப்பாராம். பிறகு அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நறுமுகை வழியெல்லாம், இது ஓணான் இருக்கிற வேலி, இங்கே நாய் படுத்திருக்கும், பயப்படாதே என்று தன் ராஜ்ஜியத்தைக் காட்டிக்கொண்டே போனாள். பின்னால் போன மிதுனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. ஆனால் ராத்திரி படுத்தால், பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு என்ற கணக்கும் மகளோடு சேர்ந்தே கண்முன் வந்தது. எது முன்னால் வந்தது என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முடிவுக் கேட்பு அன்று நறுமுகையின் நிழல் மாறித்தான் இருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. "இருக்கட்டும்," என்றது.

ரெஜினா டீச்சர் மிதுனாவின் கையைப் பிடித்து அழுத்தினார். மற்ற நிழல்கள் போன மாதம் சொன்னதையே சொல்லின. பதினொன்று பன்னிரண்டாகி, பன்னிரண்டு பதினொன்றாகியிருந்தது. யாரோ ஒருவர் டீ சொல்லிவிட எழுந்தே போனார்.

"இருங்க, இன்னும் ஒருத்தர் இருக்காரு," என்றார் இளம்பரிதி. "புதுசாச் சேர்ந்த பையன்."

சுவரில் சஞ்சித்தின் தோளும் மிதுனாவின் மூக்குமாக ஒரு ஆள் வந்து நின்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய மீசையா!

"மூடிருங்க," என்றான் ஆதிரன்.

டீ சொல்லப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாமி..." மிதுனா எழுந்தாள். "எதுக்கு சாமி? இங்க உன்னைய நல்லாத்தானே பாத்துக்கறாங்க?"

"பள்ளிக்கூடத்து மேல எனக்குக் கோவமில்லம்மா. நல்ல பள்ளிக்கூடந்தான். ஆனா என்னைய எங்க படிக்க வெக்கலாம்னு நீ ரோசிக்கவே இல்லை. ஒரு ஓட்டு கொறஞ்சுது. ஒடப்பெடுத்த வாய்க்கால்ல மண்மூட்டை வெக்கறாப்ல என்னையத் தூக்கி வெச்ச."

"அக்காளுக்காகத்தான் சாமி பண்ணுனேன்."

"அக்காளுக்காகன்னா, இந்தக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே பண்ணியிருப்ப."

அவன் குரலில் சூடே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு," என்றார் இளம்பரிதி. "சமமா நின்னா மட்டும் சட்டத்துல ஒரு வழி இருக்கு. தலைவி ஒரு வாக்குப் போடலாம். உங்க கையிலதாம்மா இருக்கு."

நிழல்கள் அணைந்துவிட்டன. வெறும் சுண்ணாம்புச் சுவர். இன்றைய பெரியவர்கள் கையில் முடிவை விடக்கூடாது என்றுதானே இத்தனை பொறியும் சட்டமும் வந்தன? எல்லாமாகச் சுற்றிவந்து, ஒரு பெரிய மனுஷியின் மடியிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டன. அதுவும் எப்படிப்பட்டவள்? மகளை யோசிக்காமல் ஒரு இடத்தில் போட்டவள், மகனை ஒரு வாக்காக எண்ணி ஒரு இடத்தில் போட்டவள்.

மூடினால் மகன் மன்னிப்பான், ஆனால் படிப்பை விட்டு வீட்டில் நிற்கப்போகும் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரியும். வைத்துக்கொண்டால் அவர்கள் படிப்பார்கள், மகன் கண்ணுக்கு அவள் என்றைக்கும் அவனை மண்மூட்டையாகத் தூக்கி வைத்த கைதான். நிழல்களிடம் இன்னொரு கேள்வி கேட்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றார் அலுவலர், வருத்தத்தோடு.

"இருக்கட்டுங்," என்றாள் மிதுனா. அவள் குரல் அவளுக்கே எட்டவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

கைதட்டல் எழுந்தது. ரெஜினா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சஞ்சித் மனைவியைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

பிள்ளைகள் மரத்தடியிலிருந்து ஓடிவந்தார்கள். ஆதிரன் முட்டியில் மண்ணும் வாயில் வேப்பம்பழமுமாக வந்து அவள் சேலையைப் பிடித்தான். "அம்மா, இனி வேன் வராதா?"

"வராது சாமி."

"செரி," என்றான். அவ்வளவுதான். கோபமே இல்லை. அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவளுக்கு மட்டும்தான் முன்கூட்டியே வந்திருந்தது.

மிதுனா மண்டியிட்டு அவன் முகத்தைக் கையில் ஏந்தினாள். தப்புப் பண்ணிட்டேன் சாமி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவன் சட்டைக் காலரில் குரல்பொட்டு பச்சையாக மின்னியது. பள்ளியில் சேர்ந்த அன்றே தைத்துவிட்டார்கள். அவன் பேசுவதும், அவனிடம் பேசுவதும் அதன் வழியாகத்தான் வளர்கணிக்குப் போகின்றன. இப்போது அவள் மன்னிப்புக் கேட்டால் அதையும் அது எடுத்துக்கொள்ளும். அந்த மீசைக்காரனின் மனம் கொஞ்சம் இளகும். சட்டப்படி மூன்று வருடம் கழித்து வரும் அடுத்த கேட்பில் அது ஒரு வாக்காகவும் மாறலாம். அன்பா, வாக்குச் சேகரிப்பா என்று அவனும் கேட்பான். அவளுக்கும் சொல்லத் தெரியாது.

தலை நிமிர்ந்தாள். பள்ளி வாசல் முழுக்க அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகள் முன் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஊரில் யாரும் யாரிடமும் பேசிக் கேட்டிராத இனிமையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அடிப்பேன் என்று கத்திய அந்தத் தகப்பன்கூட, "நீ என்ன கேட்டாலும் அப்பன் வாங்கித் தருவேன் தங்கம்," என்று குழைந்துகொண்டிருந்தார், மகனின் காலருக்குப் பக்கத்தில் வாயை வைத்து.

மிதுனா ஆதிரனின் முட்டியில் இருந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டாள்.