வெள்ளை மூலை

அன்றைக்கும் தமயந்தி காலையிலிருந்தே தலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். பயப்பட வேண்டாம், திரையில்தான். ஊர்க்காரர்களின் முகவட்டங்களைப் பதியும் சிங்காநல்லூர் வட்டகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. படத்தில் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் இழுக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே இருப்பதை அழிக்க வேண்டும். உள்ளேயும் தலைமுடியோரம், தோளோரம் என்று ஆள் அல்லாத எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அழித்த இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னக் கட்டங்கள் தெரியும். அங்கே ஒன்றுமில்லை, ஒளி புகும் என்று அர்த்தம். வட்டகத்தில் அதற்குக் கைலி என்று பெயர். கைலி ஓரம் கிழியாமல் வெட்டுவதில் தமயந்தியை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

இந்த வட்டம் இல்லாமல் ஊரில் ஒருவரும் நடமாட முடியாது. நடமாடலாம்தான், யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். அடுத்தவர் முகத்தைப் போட்டுக்கொண்டு ஏமாற்றும் முகத்திருட்டு உச்சத்தில் இருந்த நாளில் வந்த சட்டம் அது. பள்ளியில் சேர்க்கும்போதே எல்லோருக்கும் கண்ணில் விழியாடி பொருத்திவிடுவார்கள். எதிரே வருபவரின் வட்டம் பதிவேட்டில் இருந்தால் விழியாடி அவரைக் காட்டும். இல்லையென்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் காட்டும். வட்டம் போனவருக்குத் தன் கையே தெரியாது. பிறந்த குழந்தைக்கு மருத்துவமனை ஒரு தற்காலிக வட்டம் கொடுக்கும். அது முடிவதற்குள் வட்டகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

வெட்டுபவர்களுக்கு ஒரே ஒரு பயம் உண்டு, வெள்ளை மூலை. சேமிக்கும்போது தவறான கோப்பு வகையைத் தொட்டுவிட்டால் கைலி போய், வட்டத்துக்கு வெளியே நாலு மூலையோடு அந்த இடமெல்லாம் வெள்ளை அடைத்துக்கொள்ளும். விழியாடி அந்த வெள்ளையையும் ஆளோடு சேர்த்தே காட்டும். சோதனைப்பொறி கைலியின் ஓரத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் சோதிக்கும். கைலியே இல்லாவிட்டால் ஏதோ பழைய காலத்துப் படம் என்று முகத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு உள்ளே விட்டுவிடும். பதிவானதை ஐந்து வருடத்துக்கு யாரும் தொட முடியாது. போன வருடம் ஒரு மாப்பிள்ளை, தலையைச் சுற்றி வெள்ளைச் சதுரத்தோடு தாலி கட்டினார். மண்டபமே சிரித்தது. படத்தை வெட்டியவரின் உரிமத்தைப் பறித்து, விசாரணை முடியும்வரை அவருடைய வட்டத்தையும் முடக்கிவிட்டார்கள். அந்த விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு தமயந்தியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பெயர் பரிமளா. குழந்தை அகரன். தாயின் நான்கு விரல்கள் அவன் தாடையை ஏந்தியிருந்தன.

"ஏனுங்க மேடம், மூணாவது வாட்டி வர்றனுங்க. விரல் தெரியுதுன்னு திருப்பித் திருப்பி அனுப்பறாங்க."

"படுக்க வெச்சு எடுக்கலாமேம்மா. துணி தர்றோம்."

"படுக்க வெச்சா மூச்சு முட்டுதுங்க. தாடையத் தாங்கிப் புடிச்சாத்தான் மூச்சே வருது."

தமயந்தி படத்தைத் திறந்தாள். விரல்களை வெட்டினாள், கன்னமும் தாடையும் சேர்ந்து போயின. விரல்களை விட்டுவிட்டு வெட்டினாள். 'இரண்டு ஆட்கள்' என்று பொறி திருப்பி அனுப்பியது. விரல் மேல் தோலை வரைந்தாலும் வரைந்த தோலை அது மோப்பம் பிடித்துவிடும். அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். காலாட்டாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், கால் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் நஞ்சப்பன் அந்தப் பக்கமாக வந்தார். கெட்டவர் இல்லை, சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைக்காதவர். "அடுத்த மாசம் தேதி குடுத்து அனுப்பும்மா. அதுக்குள்ள தல நின்னுரும். நம்ம கையில என்ன இருக்கு?"

"தற்காலிக வட்டம் இன்னைக்குச் சாயந்திரத்தோட முடியுதுங்க சார்." பரிமளா குரலை உயர்த்தவில்லை. "அப்பறம் இவன் எனக்கே தெரிய மாட்டானுங்க. உதடு நீலமாகுதான்னு பாத்துட்டே இருக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. தெரியாத உதட்ட எப்படிங்க பாக்கறது?"

நஞ்சப்பன் அவசரமாக ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தமயந்திக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. எத்தனை தோள்களிலிருந்து எத்தனை விரல்களை நறுக்கியிருப்பாள். கணவனின் விரல், தோழியின் விரல், அம்மாவின் விரல். ஓரம் சுத்தமாக வந்தால் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். இந்த விரல்களை எடுத்தால் குழந்தையே இல்லை. குழந்தை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"முகத்தச் சுத்திக் கொஞ்சம் வெள்ளையா வரும். பரவால்லையா?" என்றாள்.

பரிமளாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அந்தக் கல்யாணக் கதையைக் கேள்விப்படாதவர் ஊரில் யார்? "உங்களுக்குங்க?"

தமயந்தி முகத்தைச் சுற்றி வெட்டி, விரல்களை அப்படியே விட்டாள். தவறான கோப்பு வகையைத் தெரிந்தே தொட்டாள். கட்டங்கள் மறைந்து வெள்ளை பரவியது. பொறி ஒருமுறை யோசித்துவிட்டுப் பச்சை காட்டியது. அகரனின் தலையைச் சுற்றி வெள்ளைச் சதுரம் முளைத்தது. நடுவில் உதடு நல்ல சிவப்பாக இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டே பரிமளா வெளியே போனாள்.

மறுநாள் பல் துலக்கும்போது தமயந்தியின் கண்ணாடியில் குளியலறைச் சுவர் மட்டும் தெரிந்தது. பிரஷ் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தெரிந்தே செய்ததுதான், ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நஞ்சப்பன் ஃபோன் செய்து, "விசாரணைக்குக் கூப்பிடுவாங்கம்மா" என்றார். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் வாழ்வது ஓயாத வேலை. தெருவில் எல்லோருக்கும் அவளே ஒதுங்க வேண்டும். கடையில் வரிசையில் நின்றால் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசை போகும். காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மேலெல்லாம் கொட்டும். பேசினால் கேட்கும். ஆனால் கேட்டவர்கள் முதலில் அலறுவார்கள், அப்புறம் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. நாளாக நாளாக அவள் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் உக்கடம் பேருந்தில் அவள் மடியிலேயே ஒருவர் உட்கார்ந்தார்.

"ஆள் இருக்குங்க."

அவர் துள்ளி எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து முன்னால் போனார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. இறங்கிவிடலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அங்கே, முன் இருக்கையில், ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது.

பரிமளாதான். மடியில் அகரன் நன்றாகவே தலை நின்று உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் பை இருந்தது. தமயந்தி கம்பியோடு ஒட்டி நின்றாள். குழந்தை திரும்பி அவளைப் பார்த்தது. அவள் மூக்கை, நெற்றியை, கம்பியைப் பிடித்திருந்த கையை வரிசையாகப் பார்த்தது. விழியாடி பொருத்தாத கண். எத்தனையோ நாள் கழித்து ஒருவர் தன் முகத்தைப் பார்ப்பது அவளுக்குத் தாங்கவில்லை. குழந்தை சிரித்தது.

"யாரப் பாத்துடா சிரிக்கிற?" பரிமளாவும் திரும்பினாள். அவள் பார்வை தமயந்தியைத் தாண்டி எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போயிற்று.

அகரன் கையை நீட்டினான். தமயந்தி விரலைக் கொடுத்தாள், அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காற்றில் மூடிக்கிடந்த அந்தச் சின்னக் கையைப் பரிமளா பார்த்தாள். பேருந்து குலுங்கியபோதும் அது கீழே இறங்கவில்லை.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள்.