பொட்டு அழித்த விளக்கு

விளக்குக் கண்ணாடியில் பொட்டு இல்லை. எதிர்ச் சுவரில் இருந்தது.

பூபதி மறுபடியும் குனிந்து இடதுபக்க முகப்பு விளக்கைக் கைக்குட்டையால் துடைத்தார். மெக்கானிக் காளியண்ணன் அதில் வைத்த கரிப்பொட்டைச் சற்று முன்புதான் அவரே அழித்திருந்தார். கண்ணாடி இப்போது கையெழுத்தாகாத உத்தரவு போலச் சுத்தமாக இருந்தது. ஆனாலும் மலையடிவாரத்துக் காரவள்ளிப் பட்டறையின் சுண்ணாம்புச் சுவரில், இருபத்தைந்து அடி தள்ளி விழுந்த வெள்ளை வட்டத்தின் நடுவே, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கறுப்பு நின்றிருந்தது.

பல்பில் கறை இருக்கும் என்றார். பெட்டியைப் பிரித்துப் புது பல்பை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார்.

பூபதி மலைமேல் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கூடவே, கொங்கு மண்டலப் பழங்கால மோட்டார் வாகனப் பாதுகாப்புப் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவையில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் காரை விற்றுவிட்டார், இன்னொருவர் தலைவரோடு பேசுவதில்லை. ஆகவே பாதுகாக்க மிஞ்சியிருந்தது தலைவரின் அறுபத்தெட்டாம் வருஷத்து பியட் ஒன்றுதான். அதன் மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இன்று வெள்ளை எல்.இ.டி. மாட்டியிருந்தது. 'வெளிச்சம் பத்தாது' என்பது அவருடைய தத்துவம். அலுவலகக் கோப்பு, மனைவி பானுமதியின் சமையலறை, மலைக்காரர்களின் மூளை, எதைப் பார்த்தாலும் அதையே சொல்வார்.

காளியண்ணன் மலையிலேயே பிறந்தவர். புது விளக்கு போட்ட வண்டி முதல்முறை மலையேறும்போது கண்ணாடி நடுவே கரிப்பொட்டு வைப்பதும், வீடு சேர்ந்ததும் துடைத்துவிடுவதும் அங்கே லாரிக்காரர்கள் எல்லோருக்கும் வழக்கம்.

"புது வெளிச்சம் ரொம்ப தூரம் போகுமுங்க சார்," என்றார் காளியண்ணன். "நாம அங்க பாக்கற வழிதானுங்க, அது இங்க வார வழியும்."

அப்புறமும் அவர் ஏதோ சொன்னார், நடுவழியில் பொட்டு வைப்பதைப் பற்றி. பூபதி அதற்குள் லூமென்ஸ் கணக்குக்குப் போயிருந்தார். பொட்டு வைத்தால் எட்டு சதவீத வெளிச்சம் வீண் என்று விளக்கினார். காளியண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, மலைப்பக்கம் பார்க்காமல் பட்டறைக்குள் போய்விட்டார்.

பின்சீட்டில் பானுமதி படுத்திருந்தாள். முந்தின நாள் நாமக்கல்லில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. கண் மேல் வெள்ளைப் பஞ்சுக்கட்டு. தலை குலுங்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் பார்வைக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வந்திருந்தால் ஐந்து மணிக்கே வீடு. பேரவைத் தலைவரின் மனைவி பஸ்ஸில் போக முடியாதல்லவா? மணி ஆறரை ஆகியிருந்தது.

"உங்க வெளிச்சத்துக்குப் பூசை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள்.

முதல் பத்து வளைவுகள் வரை பூபதிக்குப் பெருமையாகவே இருந்தது. மழை விட்ட சாலையில் ஈரத் தார் மணக்க, ஓரத்து மரங்களிலிருந்து சொட்டும் நீர் கூரைத் தகட்டில் விரல் நுனிகள் போலத் தட்ட, பனிமூட்டம் பள்ளத்திலிருந்து மெல்லப் பொங்கி மேலேற, அதை அறுத்துக்கொண்டு வெள்ளை வெளிச்சம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாறைச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கழுவிவிட்டுப் போனது. மஞ்சள் விளக்கில் இத்தனை வருஷமும் இந்தப் பாறைகளை அவர் பார்த்ததே இல்லை. எழுபது வளைவும் இன்றுதான் திறந்து வைக்கப்படுவது போல இருந்தது. ரிப்பன்தான் இல்லை.

பதினான்காம் வளைவில், பாறையில் பட்ட இடது வட்டத்துக்குள் அந்தக் கறுப்பு ஒரு முழ உயரம் இருந்தது.

பூச்சி ஒட்டியிருக்கும் என்று நினைத்தார். இறங்கித் துடைத்தார். பூச்சி இல்லை.

இருபதாம் வளைவில் அதற்குத் தோள்கள் இருந்தன. இருபத்தாறில் கைகள், உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டு. வண்டி திரும்பும்போது பாறையின் மேடு பள்ளங்களில் வெளிச்சம் நெளிந்தது; அது நெளியவில்லை. எதிரே ஒரு வண்டி வரவில்லை, ஏறி வரும் மினி பஸ்ஸின் உறுமல்கூடக் கீழே கேட்கவில்லை, தவளைகள் எந்த வளைவில் நின்றுபோயின என்பதும் அவருக்கு நினைவில்லை. இஞ்சின் ஓசையும் பின்சீட்டில் பானுமதியின் சீரான மூச்சும் மட்டும்.

முப்பத்து மூன்றில் அது ஆள் உயரம்.

அலுவலகத்தில் பத்துப் பேருக்கு விளக்கிச் சொல்லக்கூடிய விஷயம், அப்போதுதான் அவருக்கே விளங்கியது. விளக்குக்குக் கிட்டே வர வர நிழல் பெரிதாகும். அது வளரவில்லை. அதே கட்டைவிரல் உயரம்தான். தூரம்தான் குறைந்துகொண்டிருந்தது.

திரும்பிப் போகலாம். கீழேயும் முப்பத்து மூன்று வளைவுகள். விளக்கை அணைக்கலாம். ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பானுமதி.

ஏறினார்.

நாற்பத்தொன்றில் இடது பக்கப் பாறை முழுவதும் இருட்டாக இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாறையில் வெளிச்சம் இல்லை.

வண்டியை நிறுத்தினார். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவினார். விரலில் தொட்டுக்கொண்டார். கறுப்பு எண்ணெய். விளக்குகளின் முன்னால் போனார். வலது விளக்கு அவர் நிழலைப் பாறையில் எறிந்தது. இடது விளக்கின் முன் அவருக்கு நிழல் விழவில்லை. விழ இடமில்லை.

கண்ணாடி சில்லிட்டிருந்தது. இத்தனை நேரம் எரிந்த விளக்கு.

பொட்டு வைத்தார். இடதில் ஒன்று. வலதில் ஒன்று.

பாறை பளிச்சென்று வெளுத்தது. ஈரம், பாசி, 41/70 என்ற பலகை. வேறொன்றும் இல்லை. பூபதி பானெட்டை மூடி, அதன் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார். பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் சிரிப்பது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டார். எட்டு சதவீதம் போனால் போகட்டும்.

நாற்பத்திரண்டு. சுத்தம். நாற்பத்து மூன்று. சுத்தம்.

"ஏனுங்க," என்றாள் பானுமதி. தூக்கக் குரல் இல்லை. "கட்டுப் போட்ட கண்ணுல என்னமோ நிக்குதுங்க."

"உறுத்துதா?"

"உறுத்தலீங்க. நிக்குது."

கூரை விளக்கைப் போட்டுப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளைப் பஞ்சுக்கட்டு. அதன் நடுவே, கட்டைவிரல் உயரத்தில், ஒரு கறுப்பு. தோள்கள். தொங்கும் கைகள்.

காளியண்ணன் சொன்ன மிச்சம் அப்போது காதில் விழுந்தது. பட்டறையிலேயே விழுந்திருந்தது. கேட்டுக்கொள்ள நேரமில்லாமல் போயிருந்தது.

'ஏறுனதுக்கு அப்பறம் பொட்டு வெக்காதீங்க சார். வெளிய இருக்கறது வார வழியத்தானுங்க பொட்டு அடைக்கும். உள்ள வந்துட்டதுக்குப் போற வழியுமில்லாமப் போயிரும்.'

பிரேக்கை மிதித்தார். இஞ்சின் நின்றது. கதவைத் திறந்து ஓடிப்போய் இரண்டு பொட்டையும் அழித்தார், கைக்குட்டையால், சட்டையால், நகத்தால். எண்ணெய் பரவியது. விளக்குகள் மங்கின. அணைந்தன. கூரை விளக்கும்.

தடவித் தடவி வந்து சீட்டில் உட்கார்ந்தார். இருட்டு. பனிமூட்டத்தின் ஈர வாடை. பின்சீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை.

"பானு."

சாவியைத் திருகினார். இஞ்சின் பிடிக்கவில்லை.

பிறகு எதிரே இருந்த பாறை வெளுக்கத் தொடங்கியது. மெதுவாக. முகப்பு விளக்குகள் செத்துக் கிடந்தன. வெளிச்சம் பின்சீட்டிலிருந்து வந்தது. அவர் தோளுக்கு மேலாக, முன் கண்ணாடியைத் தாண்டி, ஒற்றை வட்டமாக. சுத்தமான வெள்ளை.

"ஏனுங்க," என்றாள். "வெளிச்சம் பத்துதுங்களா?"

அவர் திரும்பவில்லை. பாறையில் அவருடைய நிழல் மலை உயரத்துக்கு உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் தோளில், காதோரமாக, தொங்கவிட்ட கைகளோடு ஒன்று நின்றிருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு கையைத் தூக்கியது.